முதியவர்க்கும் மாற்றுச் சிறுநீரகம் வேண்டி வாதிட்ட மருத்துவர் சித்ரலேகா அம்மையார்க்கு

பொருநை பாயும் நெல்லைச் சீமையின் பெருமைமிகு மருத்துவரே! சிறுநீரகம் செயலிழந்து சோர்ந்து வந்தோர்க்குச் சொல்லிலும் செயலிலும் துணை நின்றவரே! நரை கண்டோர்க்கும் நல்வாழ்வு உண்டென நாளும் வாதிட்ட நல்லாரே! எங்கள் துறைத் தலைவராய்த் தொண்டாற்றி இன்று ஓய்வு பெறும் அம்மையீர், வணக்கம்!

வெற்றிகளை மட்டுமே விரித்துரைக்கத்தான் முதலில் எண்ணினோம். தாங்களோ, "பொழைச்சவங்களப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. பலவேசம் அண்ணாச்சியையும் சேத்து எழுதுங்க" என்றீர்கள். ஆகவே, மாலை மணக்கும் இம்மேடையில் மனங்கனத்துப் பேசுகிறோம்.

முக்கூடல் விவசாயி பலவேசம் அறுபத்தெட்டு வயதில் டயாலிசிஸுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் துவண்டு திரும்பினார். அவர் மனைவி தங்கத்தாய் தம் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். இந்த வயதில் மாற்று அறுவை எதற்கு என்று மருத்துவர்கள் பலர் தயங்கினர். தாங்கள் தயங்கவில்லை; ஆனால், எதையும் மறைக்கவுமில்லை.

"மாத்தினா நல்லா நடமாடலாம் அண்ணாச்சி. ஆனா இந்த வயசுல கிருமி தாக்குனா தாங்குறது கஷ்டம். போன வருசம் இப்பிடி ரெண்டு நோயாளிகளப் பறிகொடுத்திருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்றீர்கள்.

"மெசின்ல கெடந்துட்டுப் போனா மறுநாள் எந்திரிக்கவே முடியல டாக்டரம்மா. கொஞ்ச காலம்னாலும் மனுசனா நடமாடிட்டுப் போறேன்" என்றார் அவர்.

"எனக்கு ஒண்ணு போதும். எடுத்து வையுங்க" என்றார் தங்கத்தாய்.

அறுவை அரங்கிலேயே புதிய சிறுநீரகம் சிறுநீர் சுரக்கத் தொடங்கியபோது, முகக்கவசத்தையும் மீறித் தங்கள் முகமலர்ச்சியைக் கண்டோம்! அந்தப் பங்குனியில், பிசான நெல் அறுவடையின்போது பலவேசம் தம் வயலில் நின்றார். சோறு ருசிக்கிறது என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

ஆனியில் கார் பருவ நடவு தொடங்கிய வேளையில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். இங்கே கொண்டுவந்தபோது நுரையீரல் முழுதும் கிருமி பரவியிருந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாதபடி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்தால் அச்சிறுநீரகம் போகலாம். குறைக்காவிட்டால் உயிரே போகலாம். தாங்கள் குறைத்தீர்கள். சிறுநீரகம் தாங்கியது, நுரையீரல் தாங்கவில்லை. அவர் கண் மூடியபோது கட்டிலருகே தாங்களே இருந்தீர்கள்.

கருமாதி முடிந்ததும் தங்கத்தாய் வந்தார்.

"நான் குடுத்தது கெட்டுப் போச்சாம்மா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுது."

"அப்ப, நல்லா இருந்ததையும் சேத்துல்லா எரிச்சிட்டோம்!"

தாங்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டீர்கள்.

அதன்பின், சிறுநீரகம் தந்தவர்க்குரிய பரிசோதனைக்கு அவர் வரவேயில்லை. தாங்களே முக்கூடலுக்குப் போனீர்கள். உடன் வந்த செவிலியர் முத்துராணி காதாரக் கேட்டதை இங்கே எழுதுகிறோம்.

"எனக்கு என்னத்துக்கு இனி வைத்தியம்?" என்றார் தங்கத்தாய்.

"உங்களையும் நான் பறிகொடுக்கணுமா?" என்று கேட்டு, அவர் வீட்டுத் தரையிலேயே அமர்ந்து இரத்த அழுத்தம் பார்த்தீர்கள். அது மிகுந்திருந்தது. அன்று தொடங்கிய மருந்தால் அவருடைய ஒற்றைச் சிறுநீரகம் இன்றளவும் காக்கப்படுகிறது.

அத்துயருக்குப் பின்னும் முதியோர்க்குத் தாங்கள் கதவடைக்கவில்லை. வயதுக்கேற்ப மருந்தை அளந்தீர்கள். காய்ச்சல் என்றால் அன்றே சேர்த்தீர்கள். பிழைத்து வீடு திரும்பினோர் பலர். சிலரைத் தங்களாலும் காக்க முடியவில்லை. அந்தச் சிலரின் பெயர்களைத் தாங்கள் இன்னும் மறக்கவில்லை என்பதை நாங்கள் அறிவோம், அம்மையீர்!

வரும் வாரமும் ஒரு முதியவர் மனைவியுடன் வருகிறார். தங்கள் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார். "பொழைச்சிருவாரா?" என்று அந்த அம்மா கேட்பார். எளிதான பொய் எங்கள் நாவிலும் வந்து நிற்கும். சொல்ல மாட்டோம்.

தொலைபேசி ஒலிக்குப் பதறி எழாத உறக்கம் தங்களுக்கு வாய்க்கட்டும்! நலம் குன்றாத உடலும், நெடிய ஆயுளும், ஆறிய நெஞ்சும் பெற்றுத் தாங்கள் வாழ்க!

பிரிய மனமின்றி,
சிறுநீரக மாற்றுப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்
திருநெல்வேலி