சோத்தாங்கைப் பக்கம்

நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் கிளறினால் புளிச்சோறு மறுநாள் காலை வரைக்கும் கெடாது, அய்யா. மலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. நான் கிளறிக் கொடுத்ததும் கெடவில்லை. பாதித் தூக்குவாளி அப்படியே திரும்பி வந்தது, முகர்ந்து பார்த்தேன்.

இந்த எண்பத்தெட்டுப் பொங்கலுக்கு மில்லில் மூன்று நாள் லீவு. மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் அய்யனார் கோயிலுக்குப் போய், மேலே ஏறி, கழுதைமுதுகுப் பாறையைத் தாண்டி உச்சியைத் தொட்டுவிட்டுப் பொழுது சாயுமுன் இறங்கிவிடுவதாகத் திட்டம். திட்டம் போட்டவன் எதிர்வீட்டு சோலைராஜ். கல்யாணம் ஆகாதவன், மில்லில் ஸ்பின்னிங் வேலை. கூடப் போகிறவர்கள் அவனோடு வேலை பார்க்கும் கண்ணுச்சாமியும், பெண்சாதி குருவம்மாளும். பேச்செல்லாம் என் வீட்டு வாசலில்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் விறகுக்குப் போன மலை அது. தெருவில் வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது முழங்கால் விடாது.

ஒரு வாரம் ஒரே கூத்து. குருவம்மாள் சேலையோடு ஏறுவதா, புருஷன் பேண்ட்டைப் போட்டுக்கொள்வதா என்பதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

“ஏட்டி, கழுதைமுதுகுல கையும் ஊணி நாலு கால்லதான் போகணும். சேலை கட்டுனா பாறையைப் பெருக்கிட்டே போவ,” என்றேன்.

“அய்யனாருக்கு வாசல் பெருக்குன புண்ணியம் எனக்கு,” என்றாள்.

கண்ணுச்சாமிக்கு உச்சியில் உட்கார்ந்து பால்கோவா தின்ன ஆசை. முழங்காலையும் பார்க்காமல் நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி வாங்கி வந்தேன். அம்புட்டு உற்சாகம் எனக்கு. அந்தச் சமயத்தில்தான் சோலைராஜ் வாயைக் கொடுத்தான்.

“உச்சியில வச்சு உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சேதி சொல்லப் போறேன்.”

“என்னலே சேதி?” என்றேன்.

“உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்க்கா. செல்லக்கனியக்காகிட்டச் சொல்றதும் ஒண்ணு, மைக் செட்டு கட்டுறதும் ஒண்ணு.”

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருபது வருஷமாக அந்தத் தெருவில் ஒரு சேதி என்னைத் தாண்டிப் போனதில்லை, அய்யா. ஆவுடையம்மாள் மகள் முழுகாமல் இருப்பது அவள் புருஷனுக்கே நான் சொல்லித்தான் தெரியும். இனிமேல் குருவம்மாள் சேதியோடு மலையிறங்குவாள்; நான் அவள் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். அவன் அம்மாவிடம் கேட்டேன், தபால்காரரிடம் கேட்டேன், மில் கேட்டில் வாட்ச்மேனிடமும் கேட்டேன். ஒன்றும் பெயரவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது: உச்சியில் சொல்லாத சேதி கீழே இறங்காது. எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம். நியாயமான யோசனைதான்.

சோலைராஜ் இடதுகைக்காரன். அவன் அம்மா சூடு போட்டுப் பார்த்தும் சோறு தின்பது அந்தக் கைதான். நமக்கெல்லாம் சோத்தாங்கை என்றால் வலது. அவனுக்கு இடது; கழுவுகிற பீச்சாங்கைதான் வலது. அவன் வீட்டு அடுப்படிவரை பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அவனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பை வைத்து, “சோத்தாங்கைப் பக்கத்துச் செம்பை எடுலே,” என்றேன். இடப்பக்கத்துச் செம்பைத்தான் நீட்டினான். பரீட்சையில் பாஸானதுபோல் இருந்தது எனக்கு.

இரண்டு பக்கமும் பள்ளமான அந்தக் கழுதைமுதுகின் நடுவில் ஆளுயரப் பாறை ஒன்று குறுக்கே நிற்கும். வலப்பக்கம் ஒட்டிப் போனால் மிதிக்க ஒரு முழம் இடம் உண்டு. இடப்பக்கம் பார்வைக்குப் புல். புல்லுக்கு அடியில் பொடிக்கல். அதற்கும் அடியில் ஒன்றுமே கிடையாது.

எங்கள் ஊரில் வழி சொன்னால் தெக்கே, வடக்கே என்றுதான் சொல்வோம். என் வாசலில் உட்கார்ந்து அடிவாரத்திலிருந்து நானும் அப்படித்தான் வழி சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் லீவுச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டான். அந்தப் பாறைக்கு மட்டும், “சோத்தாங்கைப் பக்கமா ஒட்டிப் போ. பீச்சாங்கைப் பக்கம் எமன்,” என்றேன். “நீ முன்னால போ. தாண்டுன பொறவு கை காட்டு, மத்தவிய வரட்டும்,” என்றும் சொன்னேன். குருவம்மாள் இரண்டு பிள்ளை பெற்றவள். அவளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது பாருங்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோலைராஜ் பாறை முன்னால் நின்று இடது கையைத் தூக்கி, “அக்கா சொன்ன பக்கம் இதுதாம்லே,” என்று சிரித்துவிட்டுத் திரும்பினானாம். செத்த நேரம் புல் மட்டும் ஆடியதாம். கண்ணுச்சாமி அழுதுகொண்டே சொன்னான். தெருவே அவன் கையைத்தான் குறை சொன்னது. நீங்களும் தவறி விழுந்ததாகவே எழுதி முடித்தீர்கள். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால்தான் நானே பஸ் ஏறி வந்தேன். தெரிந்தேதான் அந்த வார்த்தையைச் சொன்னேன், அவன் சாகட்டும் என்றுதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் சட்டைப் பையில் ஒட்டாத இன்லண்ட் லெட்டர் ஒன்று இருந்ததாமே. உங்கள் ஏட்டு எடுத்துப் போனதைக் குருவம்மாள் பார்த்திருக்கிறாள். என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கும் தெரியாது. நாற்பது நாளாகிறது, அய்யா. என்னிடம் இருந்ததை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் அதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

மெதுவாக வாசித்தால் போதும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.