அதே பெயரில் இன்னொருத்தி

மூதாதையரைத் தேடி எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் யாரும் சரியான காலணி போட்டுக்கொண்டு வருவதில்லை. கல்லறைத் தோட்டம் என்றால் சிமெண்டுப் பாதை இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அயர்லாந்தில் எங்கள் மேயோவில் முழங்கால் உயரத்துக்கு ஈரப்புல்தான். அதனால் என் காரின் பின்பக்கத்தில் எப்போதும் இரண்டு மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடக்கும். உன் அப்பாவுக்கு அதில் ஒன்றைக் கொடுத்தேன். உனக்கும் கொடுத்தேன், லோர்னா. அப்போது நீ பள்ளிப்படிப்பை முடித்திருந்த பெண். பூட்ஸ் தொளதொளவென்று இருக்கிறது என்று சிரித்தாய்.

இப்போது அமெரிக்காவிலிருந்து மறுபடி வந்து, என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, ஏன் என்று கேட்கிறாய். எச்சில் பரிசோதனை செய்துகொண்டாயாம். பாஸ்டனில் இருக்கும் என் சித்தப்பாவின் பேரனோடு உன் ரத்தம் ஒத்துப்போனதாம். அவன் என் தங்கை வின்னியைப் பற்றிச் சொன்னானாம். நல்ல பரிசோதனைதான். எங்கள் காலத்தில் அது இல்லை. மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் கிடையாது. சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும், டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த குடும்ப வரலாற்று அறையில் உட்கார ஆரம்பித்தேன். கோடை வந்தால் சிகாகோ, சிட்னி, கிளாஸ்கோ என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். தன் முப்பாட்டன் அரச பரம்பரை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஆடு திருடியதற்காகக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஆள் அவன் என்பதை அவர் மனம் நோகாதபடி எடுத்துச் சொன்னேன். உருளைக்கிழங்கு பொறுக்க ஸ்காட்லாந்துக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்ட ஒருத்தியின் பேத்தி வந்தாள். அவர்கள் வீட்டு அடுப்புக்கல்லை நாணல் புதருக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து, கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே அழுதாள். எல்லாம் உண்மையான வேலை. யாருக்கும் தவறான பாட்டியை நான் கொடுத்ததில்லை, உன் அப்பாவைத் தவிர.

ஃபெஸ்டஸ் பாரெட் உன் தாத்தா. நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கிற ஆள். அவனை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்குத் துணிகூட எடுத்தாயிற்று. ஒரு சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது என் தங்கை வின்னி வந்து கதவோரம் நின்றாள். பத்தொன்பது வயது அவளுக்கு.

"அக்கா, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். எனக்கு நாள் தள்ளிப்போச்சு. ஃபெஸ்டஸ்தான். நீ என்னை அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

நான் அடிக்கவில்லை. மீதிப் பாலையும் கறந்து முடித்தேன். பாதியில் விட்டால் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். யார் என்பதைச் சொல்லவில்லை, வின்னி கர்ப்பம் என்பதை மட்டும் சொன்னேன். அப்பா பங்குச் சாமியாரிடம் சொன்னார். அம்மாவுக்கு மட்டும் பெண்ணை அனுப்ப மனசில்லை. டீலியாவுக்குத்தான், அதாவது எனக்குத்தான், கல்யாணம் ஆகப்போகிறதே, அவளும் ஃபெஸ்டஸும் அந்தக் குழந்தையைத் தங்களுடையது என்று சொல்லி வளர்க்கட்டுமே என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் முடியாது என்றேன். அந்த வாரமே ஒரு கார் வந்து வின்னியைக் கன்னியாஸ்திரீகளிடம் கொண்டுபோய்விட்டது. விஷயம் காதில் விழுந்ததும் ஃபெஸ்டஸ் இங்கிலாந்துக்குப் படகேறினான். மான்செஸ்டரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பையனுக்கு இரண்டு வயது ஆகும்வரை வின்னி அங்கேயே துணி துவைத்துக்கொண்டு அவனை வளர்த்தாள். பிறகு ஒருநாள் காலையில் அவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடச் சொன்னார்களாம். போட்டுவிட்டாள். அவனை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்தாள். வானத்தில் மேற்கே போகிற விமானக் கோடு தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். வேறு எந்த விதத்திலும் அவள் மாறியிருக்கவில்லை.

அப்பா அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். கோழியும் வைக்கோலும் அவள் பொறுப்பு, தபால் ஆபீஸ் என் பொறுப்பு. கெட்டுப்போன தங்கையைக் கைவிடாமல் வைத்திருக்கிறாள் என்று ஊரில் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார்கள். அவளிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஃபெஸ்டஸின் பெயரை இந்த வீட்டில் நான் எடுத்ததே கிடையாது.

நான் குடும்ப வரலாற்று வேலைக்குப் போன முதல் கோடையில் வின்னி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "அக்கா, ஊர் உலகத்துக்கெல்லாம் ஆளைத் தேடித் தர்றே. எனக்கும் ஒருத்தனைத் தேடித் தர மாட்டியா?"

பார்க்கிறேன் என்றேன். பிறகு கோடைதோறும் ஒருமுறை, யாராவது வந்தாங்களா என்பாள். யாரையும் காணோம் என்பேன். அப்போதெல்லாம் அது உண்மைதான்.

பிறகு உன் அப்பா வந்தார். கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். "என் அம்மா பேரு வினிஃப்ரெட் காஃபர்கி. பேரும் பங்கும் மட்டும்தாங்க குடுத்தாங்க, வேற எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. உசுரோட இருந்தாங்கன்னா நான் போய்த் தொந்தரவு பண்ண மாட்டேன். தூரத்திலேருந்து ஒருதடவை பார்த்தாப் போதும்."

வின்னியின் முழுப்பெயர் அது. இங்கே பாதி ஊர் காஃபர்கிதான். அப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் யார் என்று விளங்கும். அதனால் நானும் காஃபர்கி என்று அறிந்தபோது அவருக்குச் சந்தேகம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போய்ச் சற்று நேரம் தேடுவதுபோல இருந்துவிட்டு வந்து, உங்கள் அம்மா இறந்துவிட்டார், காசநோய், கல்யாணம் ஆகாதவர், கல்லறை எங்கே என்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் தலையாட்டினார். நீதான் அவர் முதுகில் கை வைத்தாய்.

அப்படி ஒருத்தி உண்மையிலேயே இருந்தாள். வினிஃப்ரெட் காஃபர்கி, மார்ட்டினின் மகள். இளம் வயதிலேயே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தவள். அவளுக்கென்று ஒரு ஜீவன் மிச்சமில்லை. அவளுக்கு ஒரு மகனைக் கொடுத்தேன். அதில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கல்லறைக்குப் போக இரண்டு வழி உண்டு. உள்வழி குறுக்கு. நான் கடலோரச் சாலையில் ஓட்டினேன். அது எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. வின்னி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு கேட்டருகில் நின்றிருந்தாள். காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"சாப்பாட்டுக்கு வந்துடுவியா அக்கா? உருளைக்கிழங்கை அடுப்பில போட்டுடட்டுமா?" என்றவள், குனிந்து உங்கள் இருவரையும் பார்த்தாள். அமெரிக்காவா என்று கேட்டாள். உன் அப்பா ஆமாம் என்றார். இங்கே காற்று பலமாக அடிக்கிறதே என்றார்.

"இதெல்லாம் ஒரு காத்தா தம்பி? ஜனவரியில வந்து பாருங்க, கோழியெல்லாம் பறந்துடும்" என்றாள் வின்னி. உன் அப்பா சிரித்தார். உனக்குக் குளிரும் என்று சொல்லித் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து ஜன்னல் வழியாக உனக்குக் கொடுத்தாள். ஆமாம், அந்த நீலத் துண்டுதான். இன்னும் வைத்திருக்கிறாயா?

கார் நகர்ந்ததும் அது யார் என்று உன் அப்பா கேட்டார். என் தங்கை என்றேன். அதில் பொய் இல்லை.

"கூடப் பொறந்தவங்களோட ஒரே வீட்டுல இருக்கீங்க. குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார் அவர்.

தூரத்திலிருந்து ஒருதடவை பார்த்தால் போதும் என்றுதான் அவர் கேட்டிருந்தார். நான் அவரைப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். நியாயமாக யோசித்தால் அவர் கேட்டதற்கு மேலாகவே செய்திருக்கிறேன்.

கல்லறையில் அவர் மண்டியிட்டு அழுதது உனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் நின்று அழுதேன். மறுநாள் விமானம் என்பதால் டவுனில் யாரிடமும் விசாரிக்க உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. சாப்பாட்டுக்குத் திரும்பியபோது வின்னி கிழங்கை உரித்து வைத்திருந்தாள். "அந்தப் பையன் மூஞ்சி நல்ல மூஞ்சி, யாரைத் தேடி வந்தான்?" என்றாள். செத்துப்போன ஒருத்தியை என்றேன்.

அடுத்த வசந்தத்தில் உன் அப்பா ஏற்பாடு செய்த கல் வந்தது. சாம்பல் நிறக் கிரானைட். வினிஃப்ரெட் காஃபர்கி, என் அன்பு அம்மா, மகன் கர்ட்டிஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது வின்னி அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என் பேருதான் அக்கா. மார்ட்டின் பொண்ணுக்கு மகன் இருந்தானா?"

"இருந்திருக்கான் போல."

"வந்து தேடியிருக்கான் பாரேன்." குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். "பெத்தவ உசுரோட இருந்து பார்த்திருக்கணும்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கல்லறையில் களை பிடுங்குவாள். பறவை எச்சத்தைத் துணியால் துடைப்பாள். கோடையில் வேலியோரம் பூக்கிற ஃபுக்ஷியாவை ஒடித்து வந்து வைப்பாள். நான் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு அதில் ஒரு நிம்மதி கிடைத்தது. அதைப் போய்த் தடுப்பது பெரிய பாவம்.

போன வருஷம் தவக்காலத்தில் அவள் படுக்கையில் விழுந்தாள். நான்தான் குளிப்பாட்டினேன். நான்தான் ஊட்டினேன். ஒரு மதியம் கஸ்டர்ட் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கரண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கல்லை வெச்சவன், அன்னைக்கு உன் காருல வந்தானே, அவன்தானே அக்கா?"

"எத்தனையோ பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன் வின்னி. யாருக்கு ஞாபகம் இருக்கு."

"உயரமா இருந்தான். அவங்கப்பன் மாதிரி."

"வாயைத் திற. ஆறிடப்போகுது" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினேன். அதன்பிறகு அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

உன் அப்பாவும் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார் என்கிறாய். அம்மாவின் கல்லறையை ஒருதடவை தொட்டுவிட்டேன் என்ற நிறைவோடுதான் கண்ணை மூடினாராம். எனக்கு அது சந்தோஷம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் கதவைத் திறந்து உள்ளே வந்த வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். ஃபெஸ்டஸின் நடை, வின்னியின் வாய். பெயரைச் சொல்ல அவர் தொண்டையைச் செருமியபோது எந்தக் கல்லறைக்குக் கூட்டிப்போவது என்பது என்னிடம் தயாராக இருந்தது. அப்போது யோசித்த யோசனை இல்லை அது. மாவு பிசைந்துகொண்டே வின்னி என்னைக் கேட்டாளே, அந்த வாரமே பங்குப் பதிவுகளைப் புரட்டி அதே பெயரில் இன்னொருத்தியைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு கோடையிலும் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவன்தானா என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். அவனுக்காக இந்த வீட்டில் வின்னி மட்டும் காத்திருக்கவில்லை.

வின்னியை எங்கே புதைத்தேன் என்று கேட்கிறாய். அப்பா அம்மாவோடுதான், எங்கள் குடும்ப இடத்தில். கூட்டிப்போகிறேன், பூட்ஸ் காரிலேயே இருக்கிறது. அங்கே அவள் பெயரைத் தேடாதே. அந்தக் கல்லில் இன்னும் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. அதை எனக்கென்று வைத்திருக்கிறேன். எப்படியும் அவளுக்குத்தான் மகன் கொடுத்த கல் ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறதே.

வின்னியை நான் மன்னித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதையெல்லாம் வஞ்சம் என்று நீ நினைத்தால், எங்கள் குடும்பத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன்.