குழியில் விழும் தண்ணீர் வெளிவரும் இடம்

அருவியின் பாதித் தண்ணீர் பாறைக்குழிக்குள் விழுந்து எந்த வழியாகப் போகிறது என்று காவல் ஆய்வாளர் முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது. எங்கே வெளிவருகிறது என்பது தெரியும்.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் பதிவாகியுள்ளன. வயது நாற்பத்தெட்டு. நிலத்தடி நீர் அலுவலகத்தில் நிலவியலாளர். சாயப்பட்டறை முதலாளி என் அக்காவின் கணவர். இதை மேலதிகாரியிடம் முன்பே சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார்.

பட்டறைக் கழிவுநீர்க் குழாய் அந்தக் குழியில்தான் முடிகிறது. தன் மீன்கள் அதனால் சாகின்றன என்று மீன்பண்ணைக்காரர் குழாயின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தார். அத்தான் புகார் கொடுக்க, பண்ணைக்காரர் காவலில் வைக்கப்பட்டார். அதன்பிறகு, குழிக்கும் பண்ணை ஊற்றுக்கும் தொடர்பு உண்டா என்று காவல்துறை எங்கள் அலுவலகத்தைக் கேட்டது.

குழிக்கு அடியே பாதாளம் இருப்பதாகச் சொல்வது தவறு. அது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. பெரிய குகைகள் அதில் அரிது, விரிசல்கள் உண்டு. அருவிக்கு மேலும், பண்ணையைத் தாண்டி ஓடையின் கீழ்ப்பகுதியிலும் நீரோட்டத்தை அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றே. போன தண்ணீர் இடையில் எங்கோ திரும்பிவிடுகிறது.

அதன்பிறகு இடத்தை அறிய, தீங்கற்ற பச்சைச் சாயத்தைக் குழியில் ஊற்றி, சாயத்தை உறிஞ்சும் கரிப் பொட்டலங்களை ஊற்றுகளிலும், ஒப்பிட்டுப் பார்க்க அருவிக்கு மேலேயும் கட்டினோம். எல்லாவற்றிலும் பச்சை வந்தது. அருவிக்கு மேலே கட்டியதிலும் வந்தது. தண்ணீர் மேல்நோக்கி ஏறாது. விசாரித்ததில், சாயம் ஊற்றிய எங்கள் அலுவலக ஓட்டுநரே அதே கையுறையோடு பொட்டலங்களையும் கட்டியிருந்தார். முடிவைத் தள்ளுபடி செய்தேன். மீன்பண்ணைக்காரரின் மனைவி, "பச்சைதான வந்திருக்கு? எழுதிக் குடுத்தா என்ன மேடம், அவரு உள்ள இருக்காரு" என்றார். எழுதவில்லை.

அந்தப் பச்சை முழுவதும் ஓடி மறையக் காத்திருந்து, அதன்பிறகு சிவப்புச் சாயம் வைத்து மறுபடி செய்தோம். ஓட்டுநர் ஊற்றினார், சாயத்தின் பக்கமே போகாத நானும் ஒரு காவலரும் பொட்டலம் கட்டினோம். பண்ணை ஊற்றில் மட்டும் சிவப்பு வந்தது. மேலே கட்டியதும் பக்கத்து ஊற்றில் கட்டியதும் சுத்தமாக இருந்தன. அன்று மாலை முடிவை இங்கே, காவல் நிலையத்தில், ஒப்படைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்கா தொலைபேசியில், "உனக்கு வேற அருவியே கெடைக்கலையாடி?" என்றாள். அத்தான் அவளிடமிருந்து வாங்கி, "ஏம்மா, போற வழி தெரியாதுங்கற, வர்ற எடம் மட்டும் எப்படித் தெரியும்?" என்றார். சமையலறைத் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் சுவருக்குள் எங்கே வளைகிறதென்று உங்களுக்கும் தெரியாது, வாசலில் எங்கே விழுகிறதென்று தெரியுமே என்றேன். "மொத தடவ தப்பு பண்ணவதான நீ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் ஆட்களை விட்டுச் சிமென்ட்டை உடைத்துக் குழாயைத் திறந்தார். பட்டறையில் அன்று நீலம் ஓடியது. மதியத்துக்குள் பண்ணை ஊற்று நீலமாக வந்ததை நானும் அந்தக் காவலரும் நேரில் பார்த்தோம். மீன்பண்ணைக்காரரின் மனைவி ஒரு வாளியில் மொண்டு, பேருந்தில் வைத்துக்கொண்டு இங்கே வந்தார். வாளியில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். புதியது, விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று காட்டினார். இதை எழுதும் மேசைக்கு அடியில்தான் அது இருக்கிறது.

வாளியைக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து பார்த்த அவர் கணவர் நிறத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "மீனு?" என்றார்.

"பாதி மெதக்குது" என்றார் மனைவி.

மேலே உள்ளவை நான் சொன்னவை, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, உண்மை. அறியாததை அறியேன் என்றே சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)