பின் பிரேக்கும் மஞ்சத்துணி முடிச்சும்

அரிமளம் போகும் பேருந்தில், முன் சீட்டு அக்கா தன் தம்பியிடம் கேட்ட கேள்வியில் என் தூக்கம் போய்விட்டது.

"மாசத்துக்கு நாலு தடவ எடுக்குற காருக்குப் பின் பிரேக்கு மட்டும் எப்படிடா தேயும்?"

"எனக்கும் அதாங்க்கா புரியல. முன்னாடி புதுசு மாதிரி இருக்கு. பின்னாடி டிஸ்க்கு, பேடு எல்லாத்தையும் மாத்தியாச்சு."

"ஸ்போர்ட்ஸ் காருன்னு வெரட்டுனியா? குவைத்துலேருந்து ஒம் மச்சான் வந்து கேட்டா நான் என்னடா சொல்றது?"

"சத்தியமா இல்லக்கா. கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பேன். ஹேண்ட் பிரேக்கு போட்டபடியே ஓட்டுனியான்னு மெக்கானிக் கேட்டாரு. எறக்கிட்டுத்தான் ஓட்டுறேன். என்ன, முழுசா எறங்காது."

"ஏன் எறங்காது?"

"பூசையில குடுத்த மஞ்சத்துணி முடிச்சு அதுக்கு அடியிலதானே கட்டியிருக்கு. அதுல முட்டிக்கிட்டு நின்னுரும். ஸ்டியரிங்குக்கு முன்னாடி செவப்பு லைட்டுகூட எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

அக்கா தம்பி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப அந்த முடிச்சு எங்கடா?"

"நைஞ்சு போச்சுன்னு அவுத்துட்டேன்க்கா. புது பிரேக்குக்குப் பூசை போட்டு, காலையிலதான் வேற கட்டுனேன். இது அதவிடப் பெருசு."