உகரச் சுட்டு

பனி உருகத் தெருவில் தூவிய உப்பு என் சப்பாத்தோடு வந்து உங்கள் காவல் நிலையத் தரையில் வெள்ளைத் தடமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். வாசலில் உதறிவிட்டுத்தான் வந்தேன். மார்ச் மாதத்து ஸ்காபரோவில் நடந்து வருபவருக்கு அதற்குமேல் தூய்மை வாய்க்காது.

நான் எழுத்துத் தமிழிலேயே பேசுகிறேன். உங்களுக்காக மொழிபெயர்க்கும் பிள்ளை நிரோஷினிக்கு அது வசதி. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேட வேண்டியிராது. என் பெயர் செல்வரட்ணம். மன்னாரில் தமிழாசிரியராக இருந்தேன். இங்கே எல்லோரும் மாஸ்ரர் என்பார்கள். எங்கள் கூத்துக் குழுவின் ஒத்திகையில் ஜஸ்ரின் இறந்தது பற்றிச் சென்ற வாரம் தொலைபேசியில் உங்களுக்கு ஒரு வாக்குமூலம் தந்தேன். அன்று மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்துவிட்டார். அதைத் திருத்த வந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

கூத்து மதுரைச் சுல்தான்களைப் பற்றியது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையைச் சுல்தான்கள் ஆண்டார்கள் என்றால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நம்புவதில்லை. டில்லியை உதறிவிட்டுத் தனியரசு அமைத்தவர்கள். அமைத்தபின் ஒருவரையொருவர் தீர்த்துக்கொண்டவர்கள். உதௌஜி என்ற சுல்தான் போரில் வென்று, தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்தபோது அம்பு பட்டு இறந்தார். எய்தவர் யாரென்று தெரியவில்லை. அவருக்குப் பின் மருமகன் குத்புத்தீன். பிரபுக்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அரியணையில் அவருடைய சூடு ஏறுமுன் கொன்றார்கள். பின்னர் வந்த நாசிருத்தீன், முந்தைய சுல்தானின் மகளை மணந்திருந்தவரைக் கொன்றார். அந்த மருமகன் மூச்சுவிடும்வரை தன் இருக்கை ஆடும் என்று கணக்கிட்டிருப்பார். பாடல்களை எழுதியவன் நான். அப்போது நாசிருத்தீனைக் கொடியவராக எழுதினேன். இன்று எழுதினால் சற்று மாற்றுவேன்.

எங்கள் அண்ணாவியார் கிறிஸ்துநாயகம். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்கி, தாளம் தட்டி, ஆட்டத்தை நடத்துகிறவர். அவர் கையிலிருக்கும் வெண்கலத் தாளம்தான் எங்களுக்குச் செங்கோல். பாரிசவாதம் வந்து அவருடைய வலக்கை ஓய்ந்தபோது, தாளம் யாரிடம் போகும் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. அவருடைய கூத்துகள் அனைத்திலும் சந்தி திருத்தியவன் நான். சீர் உடைந்த இடங்களை ஒட்டவைத்தவன் நான். அண்ணாவியார் ரூஜிலுள்ள தம் வீட்டுக்கு எங்கள் எல்லோரையும் அழைத்தார். இடக்கையால் தாளத்தை எடுத்து, மகள் செலீனின் கணவர் ஜஸ்ரினிடம் கொடுத்தார்.

“மாஸ்ரர் குறை நினையாதையுங்கோ,” என்றார். “உங்களுக்குப் பிழை பிடிக்க வரும். ஆக்களைப் பிடிச்சு வச்சிருக்க வராது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாக்கியத்தில் பிடிப்பதற்கு எனக்குப் பிழை எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் சுட்டு இரண்டு, எங்களுக்கு மூன்று. என் அருகில் இருப்பது ‘இது’. இருவருக்கும் எட்ட இருப்பது ‘அது’. உங்கள் அருகில் இருப்பது ‘உது’. தமிழகத்தார் அந்த மூன்றாவதைப் பேச்சிலிருந்து தொலைத்து வெகுகாலம். வீட்டையும் வளவையும் போட்டுவிட்டு ஓடிவந்த நாங்கள் அதைப் போடவில்லை.

ஜஸ்ரின் இந்த நகரத்தில் பிறந்தவர். குரல் நல்ல குரல். அதை நான் மறுத்ததில்லை. முதல் ஒத்திகையில் அவரிடம், “உந்தக் கதிரையிலை இரும்,” என்றேன். கதிரை அவருடைய முழங்காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவரோ மண்டபத்தைக் கடந்து, மறுசுவரோரம் கிடந்த கதிரையில் போய் அமர்ந்தார்.

“டேய், காலுக்கை கிடக்கிற கதிரையை விட்டிட்டு எங்கை, ரெக்ஸ்டேலுக்கே போறாய்?” என்றார் மத்தளம் அடிக்கும் மரியோ.

“மாஸ்ரர் ‘உந்த’ எண்டெல்லோ சொன்னவர், அண்ணை. கிட்ட இருந்தா ‘இந்த’. மற்றதெல்லாம் ‘தட்’ தானே?”

மரியோ மத்தளத்தின்மேல் கவிழ்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு தகவலாக அதை மனத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜஸ்ரின் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தண்ணீர் கொண்டுவரும் சேவகன் உதௌஜியிடம், ‘உந்தக் கவசத்தைக் கழற்றுங்கோ’ என்று பாடுவதாக எழுதியிருந்தேன். கவசம் சுல்தானின் தலையில் இருக்கிறது, ஆகவே ‘உந்த’. என்னைக் கேளாமல் ஜஸ்ரின் அதை ‘இந்த’ ஆக்கினார். வேறு பாடல்களில் வந்த உகரச் சுட்டுகளையும் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கியிருந்தார்.

“அதெல்லாம் பழைய ஆக்களின்ரை கதை, மாஸ்ரர். இஞ்சத்தைச் சனத்துக்கு விளங்காது. கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்கோ.”

அரசனின் கவசத்தை ஒற்றைச் சொல்லால் கழற்றிச் சேவகனின் தலையில் வைத்துவிட்டவர், என்னை இளைப்பாறச் சொன்னார்.

வரலாற்று உதௌஜி நிலத்தில் நின்றவர். ஜஸ்ரினுக்கு உயரம் வேண்டியிருந்தது. சாரக் கம்பிகளால் ஒரு கோபுரம் கட்டுவித்தார். உச்சித் தட்டின் வலப்பக்கமும் இடப்பக்கமும் கைபிடிக் கம்பிகள். சுல்தான் கவசத்தைக் கழற்றி, கம்பியில் சாய்ந்து, தண்ணீர் குடிக்க வேண்டும். அம்பு வர வேண்டும். சுல்தானாக ஆடியவரும் அவரே.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பின் ஒத்திகை. மற்றவர்கள் மத்தளத்தைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஜஸ்ரின் மேலே, வலப்பக்கக் கம்பியை ஒட்டி நின்றார். அங்கே நிற்கும்படி தட்டில் நாடா ஒட்டியவன் நான். வலப்பக்கக் கம்பி உறுதியானது. இடப்பக்கத்தது அன்று காலைவரை உறுதியாக இருந்தது.

நான் கோபுரத்தின் அடியில் நின்று சொன்னேன்: “ஜஸ்ரின், ஒரு கம்பி ஆடுது. உதிலை சாயும்.”

“ஓகே மாஸ்ரர், தாங்ஸ்,” என்றார்.

கவசத்தைக் கழற்றினார். தம் கையருகே இருந்த கம்பியை விட்டு, தட்டைக் கடந்து மறுபக்கம் நடந்தார். நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். பரீட்சை மண்டபத்தில் விடையை இரண்டு தடவை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

மண்டபத்தின் தரை சீமெந்து.

இறுதிச் சடங்கு முடிந்து தேநீர் கொடுத்த கூடத்தில் மரியோ என் தோளைத் தட்டி, “மாறிச் சொல்லிப்போட்டியள் போலை, மாஸ்ரர். விடுங்கோ, மனிசருக்கு வாறதுதானே,” என்றார். இறந்தவரிடம் யாரும் குற்றம் காண்பதில்லை. ஆகவே அவருடைய பிழையை எனக்கு உரிமையாக்கிவிட்டார்கள். நேற்று செலீன் மில்லிக்கனில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தாளம்.

“அப்பா இதை உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவர்.” அழுது வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்தாள். “நீங்கள் கம்பியை மாறிச் சொன்னதை நாங்கள் ஒருத்தரும் மனசிலை வச்சிருக்கேல்லை, மாஸ்ரர். வயசு போகப் போகத் தடுமாறும்தானே.”

எனக்கு உரியது என் வாசலுக்கே வந்துவிட்டது. கையை நீட்டினால் போதும். ஆனால் சுட்டு தடுமாறிய கிழவனாக, மன்னிக்கப்பட்டவனாக நான் அதைத் தட்ட வேண்டுமாம். வாங்கவில்லை. கதவைச் சாத்தினேன். அவள் வெளியில் நெடுநேரம் நின்றாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் பதிவிலும் அந்த அவதூறுதான் இருக்கிறது: ‘அந்தக் கம்பியில் சாயச் சொன்னார்.’ நான் அப்படிச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் உகரச் சுட்டை நான் பிழையாக ஆண்டதில்லை. பிள்ளை நிரோஷினி, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ஆங்கிலத்தில் சொல் இல்லையென்றால், ‘உமக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பி’ என்று விரித்துச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த எவரும் அந்தக் கோபுரத்திலிருந்து உயிரோடு இறங்கியிருப்பார்.

இடப்பக்கக் கம்பியைப் பூட்டியிருந்த ஆணிகள் இவை. காலையில் நானே கழற்றினேன், இறுக்கமாகத்தான் இருந்தன. என் கையில் இருக்கும்வரை இவை. உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன், இனி உவை.

ஜஸ்ரின்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஒரு வினா கேட்டேன். சரியான விடையையும் நானே கொடுத்தேன். ஓர் ஆசிரியன் இதற்குமேல் இரங்க முடியாது.

இன்னொரு திருத்தம் உண்டு. ‘விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தன்வினை, ஒருவர் தாமே செய்ததைச் சொல்வது. இவ்வளவு விளக்கிய பிறகும் அதை அப்படியே விட்டுவைத்தால் பொறுக்க மாட்டேன். அதை வெட்டிவிட்டு, ‘வீழ்த்தினேன்’ என்று எழுதுங்கள். எழுவாய், நான்.