போர்டில் ஒரு சக்கர நாற்காலி

— நிப்பாட்டுங்க, ஸ்டெபானி அப்பா! நாற்காலி பின்னுக்குப் போகுது!

— புடிச்சிருக்கேன், ஹில்டா. நீ ஆடாம இரு.

— எத்தன தரம் புடிப்பீங்க? இந்தச் சரிவுல மூணு தரம் ஏறி மூணு தரமும் எறங்கியாச்சு. கீழ போர்டுல மட்டும் சக்கர நாற்காலி படம் என்ன லெச்சணமா வரஞ்சிருக்கானுங்க!

— கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேனே.

— மேல டிரம் சத்தம் கேக்குதுங்க. பத்து மணிக்கு நம்ம பிள்ள ஸ்டெபானி இஸ்கூல் பேண்டுக்கு முன்னுக்குக் கோல் தூக்கிட்டு நடக்கப் போகுது. "அம்மா, கட்டாயம் வாங்க"ன்னு எத்தன வாட்டி சொல்லிட்டுப் போச்சு! புளத்கொகுபிட்டியில இருந்து த்ரீவீல் புடிச்சு வந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கேனே, ஏசுவே!

— தாத்தா, சத்தம் போடாதீங்க. எங்கட பேச்சுல அக்காவத்தான் தாத்தாண்டு செல்ற. நான்தான் இங்க வாச்சர், அஸ்ஹர். என்ன பிரச்சின?

— நல்லா கேளுங்க தம்பி. வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு இங்க கோட்ட கட்டுனான். எதிரி ஏறக் கூடாதுன்னு கட்டுனான், சரி. இப்ப இது பார்க்குதானே? நான் யாருக்கு எதிரி? ரெண்டு வருஷத்துக்கு முந்தி மலை மலையா ஏறி ரப்பர் பால் வெட்டுன காலு தம்பி இது. வழுக்கி விழுந்ததுல போச்சு.

— நான் என்ன செய்ற, தாத்தா? வாறவங்க எல்லாம் இதத்தான் செல்ற. நான் லெட்டரும் குடுத்தீக்கி. வாங்க, உங்கட வீட்டுக்கார நானாவும் நானும் சேந்து தள்ளுவோம்.

— வேணாம் தம்பி. அந்த வளைவுக்கு அங்கிட்டு ஒசரமா ஒரு படி இருக்கு. அதுல சக்கரம் ஏறாது.

— நானா செல்றது சரி, தாத்தா. படி ஒண்டு ஈக்கி.

— வளைவுக்கு அங்கிட்டு இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா என்னத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க?

— நீ ஆசப்பட்ட. படிகிட்ட வந்ததும் ஒன்னத் தூக்கிக்கலாம்னு நெனச்சேன். அதுவரைக்கும் தள்ளுறதே இம்புட்டு கஷ்டம்னு எனக்குத் தெரியல.

— இந்தச் சரிவக் கட்டுனவன் எவன் தம்பி? அவன் வீட்ல காலு வெளங்காத ஆளு ஒருத்தரும் இல்லியா? அவன ஒரு தரம் என் கண்ணுல காட்டுங்க, போதும்!

— தெரியா தாத்தா. நான் வேலைக்கு வந்தது போன வருஷம்.

— தம்பி, நீங்க கேட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்.

— ஐயோ, பேண்டு ஆரம்பிச்சிருச்சுங்க! பிள்ள என்னத் தேடும். அந்தப் படி இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன்!

— கேகாலைப் பக்கம் மேசன் வேலைன்னு நாலு வருஷத்துக்கு முந்தி போனேனே, ஹில்டா... இங்கதான். பிளான் பேப்பர்ல இந்தச் சரிவு அறுவது அடி நீளம். தெறப்பு விழாவுக்கு ரெண்டே நாளு. "பாதி நீளத்துல செங்குத்தா முடிச்சு ஒரு படியப் போடு, நாற்காலியில எவன் வரப் போறான்"னாரு கொந்தராத்துக்காரர். நானும் சிரிச்சுக்கிட்டேதான் சாந்து பூசுனேன். அப்ப நீ நடந்துக்கிட்டு இருந்த.