அறைக்கு ஏற்ற மெஷின்

ஏர் பியூரிஃபையர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மெஷினைப் பார்க்கிறார்கள், அறையை அளப்பதில்லை. கூரை எவ்வளவு உயரம், ஜன்னல் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்துத் தெருவில் லாரி போகிறதா, மரம் அறுக்கிறார்களா, இதெல்லாம் தெரியாமல் மெஷின் வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி. அதனால் நான் வீட்டுக்கே போய் அளந்து பார்த்துத்தான் சொல்வேன். என் வேலையே அதுதான். காற்று நன்றாக இருக்கிற தெருவில் மெஷினே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். முதலாளி முறைப்பார். ஐயா, இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்கும் அப்படி அளந்துதான் வாங்கினேன். நான்காவது மாடி, இரண்டு அறைகள், நானும் என் தங்கையும். சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு உண்டு. அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். இழுப்பு வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அப்போதும் சும்மா வர மாட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். வளர்ந்ததும் இழுப்பு நின்றுவிட்டது. இனிப் பயமில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை அவளிடம் சொல்லும்போது கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்.

நாங்கள் குடிவந்தபோது தெருவில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று உண்மையிலேயே மோசம். அவள் அறைக்குத் தேவையானதைவிட ஒரு படி பெரிய மெஷினாக வைத்தேன். கரண்ட் போனாலும் ஓடுவதற்கு இன்வெர்ட்டர். ஜன்னல்களைத் திருகாணி போட்டு மூடி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டினேன். அறை அடைப்பாக இல்லாவிட்டால் மெஷின் வீண்தானே. பால்கனியில் காற்றின் தூசியை அளக்கும் மீட்டர் ஒன்று மாட்டினேன். பச்சை என்றால் அவள் வெளியே போகலாம், சிவப்பு என்றால் கூடாது. இதை இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கட்டாயம் எதுவும் இல்லை.

சாலை வேலை முடிந்ததும் மீட்டர் நாள் முழுக்கப் பச்சையாகவே இருந்தது. அவள் தினமும் வெளியே கிளம்பினாள். வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போவது எனக்குப் பிடிக்கவில்லை. மீட்டரைக் கழற்றி, கீழ் வீட்டுச் சமையலறைப் புகை வெளியேறும் ஓட்டைக்கு நேர் மேலே மாட்டினேன். மீட்டர் அங்கேயும் உண்மையைத்தான் காட்டியது.

ஆனால் அவள் கெட்டிக்காரி. “அண்ணா, மூணாவது மாடியில வெங்காயம் வதக்குறப்பதான் இது சிவப்பாகுது. ஊர்க் காத்துக்கும் அவங்க வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கே மீட்டரைப் பழைய இடத்துக்கு மாற்றினேன். அந்த மீட்டரில் ஒரு செட்டிங் உண்டு. ஊருக்கு ஊர் தூசி வேறு என்பதால், வருகிற அளவை இத்தனை மடங்காகக் காட்டு என்று சொல்லிவைக்கலாம். நான் மூன்று மடங்கு வைத்தேன். கூட்டிச் சொல்வதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளர் யாருக்கும் அப்படிச் செய்தது கிடையாது.

அதன் பிறகு வீட்டில் நிம்மதி. கம்ப்யூட்டர் வழியாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். சாயங்காலம் நான் வரும்போது வீட்டில் விளக்கு எரியும். போகப்போக, “ஜன்னல் பக்கம் போனாலே நெஞ்சு அடைக்குதுண்ணா” என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

போன மாதம், அவள் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்தில் அவளை நேரிலேயே வந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். ஊரின் அந்தக் கோடி. தங்க இடமும் அவர்களே தருவார்கள். என்னிடம் கேட்காமல் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

“போய்ப் பாக்கறேண்ணா. மாஸ்க் போட்டுக்கறேன். மூச்சு முட்டினா திரும்பி வந்துடறேன், போதுமா?”

மூச்சு முட்டாது என்று எனக்குத் தெரியும். அவள் நீல வார் வைத்த புதுச் செருப்பு வரவழைத்தாள். பழையது போட ஆளில்லாமல் வெடித்துப்போயிருந்தது. புதிதை அறைக்குள்ளேயே கட்டிலடியில் வைத்திருந்தாள். தூசி வரும், வெளியே வை என்றேன். “இன்னும் தெருவையே பாக்காத செருப்புண்ணா இது” என்று சிரித்தாள்.

சம்பவம் நடந்தது அந்த வாரம்தான். மதியம். நான் ஒரு வீட்டுக் கூடத்தை அளந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

“அண்ணா, கீழ ஏதோ எரியுது. எதிர் வீட்டு டிரைவர் கதவத் தட்டி, வா வான்னு கூப்பிடறாரு. படியில இன்னும் புகை ஏறலையாம். இறங்கிடட்டுமா?”

படியில் புகை இல்லை என்று அவள் சொன்னது என் காதில் விழவே இல்லை என்று நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது பொய். தெளிவாக விழுந்தது. யோசிக்கவும் நேரம் இருந்தது. இறங்கினால் தெருவில் நிற்பாள். தீ அணையும் வரை நிற்பாள், மாஸ்க் கூட இல்லாமல். பக்கத்தில் லாரி போகும், ஒன்றும் ஆகாது. எத்தனை வருஷக் குட்டு அங்கேயே உடைந்துவிடும். அப்புறம் அந்தக் கோடிக்குப் போவாள், திரும்பியே பார்க்க மாட்டாள்.

“வேண்டாம்மா. வெளிய காத்து ரொம்ப மோசமா இருக்கு. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கோ. கதவு இடுக்குல ஈரத்துணி வை. மெஷின ஃபுல்லா வை. அண்ணன் வந்துடறேன்.”

“டிரைவர் நிக்கறாருண்ணா.”

“அவருக்கு உன் நெஞ்சப் பத்தி என்ன தெரியும்? போகச் சொல்லு.”

“சரிண்ணா” என்றாள். வாயாடி ஒரே வார்த்தையோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு சுவர்தான் பாக்கி. அளந்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். மறுபடியும் அவள் கூப்பிட்டிருக்கிறாள். நான் வண்டியில் இருந்தேன். வண்டி ஓட்டும்போது போன் எடுப்பதில்லை. எங்கள் கட்டடத்தில் மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கீழ் வீட்டுக் கைக்குழந்தை உட்பட.

இந்த மெஷின் புகையைப் பிடிக்குமா என்று கேட்டீர்கள். கண்ணுக்குத் தெரிகிற புகையைப் பிடிக்கும். நெருப்பிலிருந்து இன்னொரு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதை எந்த ஃபில்டரும் பிடிக்காது, மெஷினில் எரிகிற விளக்கும் காட்டாது. அவள் அறையை ஒட்டிய குளியலறையின் காற்றுக்குழாய் எல்லா மாடிக்கும் பொது. அது அந்த வழியாக வந்திருக்கும். இந்த வாயுவைப் பற்றி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எச்சரிக்கை சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மெஷின் மேல் நம்பிக்கை போய்விடும். அன்று போனில் பேசும்போது எனக்கு அது நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் போயிருப்பாள்.

கதவை உடைத்துப் போன தீயணைப்புக்காரர் என்னிடம் பேசினார். மெஷினுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படுத்திருந்தாளாம். காலில் நீலச் செருப்பு இருந்ததாம். கிளம்பத் தயாராகத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறாள். அறைக்குள் செருப்போடு நடக்காதே, தூசி ஏறும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அப்படியும் மெஷினில் விளக்கு கடைசி வரை பச்சையாகவே எரிந்திருக்கிறது. அறையை நான் அளந்ததில் தவறே இல்லை, ஐயா.